தோள்போன் அண்ணனின் தலைவலி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. பத்திரிகையில் எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் தோள்போன் அண்ணனைப் பற்றி யாருமே எழுதாமல் போனால் அது பெரிய அநியாயம். தமிழ்நாட்டிலேயே டெலிபோனைக் கையால் பிடிக்காமல் தொழில் செய்த ஒரே மனிதர் அவர்தான்.

தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டியில் அவர் நூல் புரோக்கர். நான் அவர் கடையில் பில் எழுதினேன். மில் நூலை விசைத்தறிக்காரர்களுக்கு முடித்துக்கொடுக்கும் வியாபாரம் முழுக்கப் போனில்தான். நூலைத் தொடாமல் அண்ணன் விலை சொல்லமாட்டார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நூல் சுற்றிய கோனிலிருந்து இரண்டு கையாலும் நூலை இழுத்து, முறுக்கி, பட்டென்று அறுத்துப் பார்த்தபிறகே வாயில் விலை வரும். காலையிலிருந்து மாலைவரை கழுத்து இடப்பக்கமே சாய்ந்திருக்கும். கடை மூடியபிறகும் தலை நேராக நிற்காது. எதிரில் வருகிறவர்கள் தங்களைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்று அவரிடமே விசாரிப்பார்கள்.

ஒரு வருஷம் அவருக்குத் தலைவலி வந்தது. பிடரியில் தொடங்கி, இடக்காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியை மாற்றினார். காபியை விட்டார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டினார். அவர் பூசிய தைலத்தில் நூல் மூட்டைகள்கூட மணத்தன. வலி அடங்கவில்லை. ஒருநாள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அம்மணி, மண்டைக்குள்ள கட்டிங்க. ஊட்ல சொல்லிப்போடாதீங்க."

டாக்டர் சொன்னாரா என்றேன். போனால் சொல்லிவிடுவார் என்றுதான் போகவில்லையாம்.

பக்கத்துக் கடைப் புரோக்கரோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சில்லை. சாகப்போகிறோமே என்று அங்கே போய், அவர் கையைப் பிடித்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மாப்ள" என்று கண்கலங்கினார். அந்த மனிதர்தான் பயந்துபோய் இவரை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனார். துணைக்கு நானும் போனேன்.

கை மரத்துப்போகிறதா, பார்வை மங்குகிறதா, காய்ச்சல், வாந்தி உண்டா, எங்காவது விழுந்தாரா என்று டாக்டர் கேட்டார். எதுவும் இல்லை. பிடரியில் ஓரிடத்தை அழுத்தியதும் அண்ணன் துள்ளினார். அங்கிருந்துதான் வலி கண்ணுக்கு ஏறுகிறது என்றார் டாக்டர்.

"தலையில ஒண்ணுமில்லீங்க. கழுத்துலதான் கோளாறு. இனிப் போனைக் கையில புடிங்க."

வெந்நீர் ஒத்தடம், உயரமில்லாத தலையணை, நடுநடுவே எழுந்து கழுத்தை மெல்லத் திருப்புவது, கொஞ்ச நாளைக்கு மட்டும் கழுத்துப் பட்டை. கை மரத்தாலோ வலி திடீரென்று கூடினாலோ உடனே வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் முகத்தில் பிழைத்துக்கொண்ட சந்தோஷமே இல்லை. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த புரோக்கரைக் காட்டி என்னிடம் முணுமுணுத்தார்.

"இவங்கூட வீணா ராசியாயிட்டேனுங்க அம்மணி."

அடுத்த வாரம் பட்டையோடு கடைக்கு வந்தார். போன் அடித்தது. ரிசீவரைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் நூலை இழுத்தார். எவ்வளவு தோதாகச் செய்திருக்கிறார்கள் என்று டாக்டரைப் பாராட்டினார். மதியத்துக்குள் வலி பழையபடி ஏற, மேஜையில் கவிழ்ந்துவிட்டார். டாக்டர் மறைத்திருப்பாரோ என்ற பயம் மறுபடி அவர் கண்ணில் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. ரிசீவரை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"அப்ப நூல யாரு பாக்கறதுங்க?" என்றார்.

பிறகு அவரே கோனை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க இழுத்துப் பாருங்க அம்மணி."

இழுத்தேன், முறுக்கினேன், அறுத்தேன். நன்றாயிருக்கிறது என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி விலை சொன்னார். பெற்ற மகன் கையில்கூட அவர் கோனைக் கொடுத்ததில்லை.

மறுநாள் தலைவலி குறைந்திருந்தது. ஈரோட்டிலிருந்து போன் வந்தது. கோனை என்னிடம் நகர்த்திவிட்டு, ரிசீவரைக் கையில் பிடித்துப் பேசினார்.