ஜன்னலுக்கு நேராக ஒரு ஹாரன்

இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் புரூஃப் சாரின் பேனா ஒரு வரியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, தாளைத் தாண்டி, மேசை விரிப்பு வரைக்கும் போய்விட்டது. காரணம் ஹாரன். ஜன்னலுக்கு நேராக, ஒரே ஒரு அடி. தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தவர் எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் புரூஃப் சார்தான். ஒரு கால்புள்ளியைக்கூட இரண்டு முறை பார்க்காமல் நம்பாதவர், மனிதர்களை மட்டும் சும்மா நம்பிவிடுவாரா?

இப்போது கையில் இருப்பது 'குழாய்களும் இணைப்புகளும்' என்ற தொள்ளாயிரம் பக்கக் கையேடு. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மாதக் கடைசிக்குள் முடித்துத் தராவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். மற்ற பதிப்பகங்களோடு எப்போதோ சண்டை. ஆக, மிச்சம் இருப்பது மைத்துனரின் டைல்ஸ் கடைதான். மைத்துனர் அவருக்காக ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த ஸ்டூலை நினைத்துக்கொண்டேதான் புரூஃப் சார் தினமும் மேசை முன்னால் உட்கார்ந்தார்.

வேலை ஓடாததற்கு ஹாரன்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குச் சந்தேகம் இல்லாத ஒரே விஷயம் அதுதான். புத்தகம் வந்த இந்த இரண்டு மாதமாகத்தான் இந்தத் தொல்லை. அதுவும் அவர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசிக்கிற நேரமாகப் பார்த்து அடிக்கிறார்கள்.

மனைவியிடம் முறையிட்டார். அவள் பெட்ரோல் பங்கில் பில் போடுகிறவள். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள்.

"பின்னறைக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டார்.

"அங்க வெளிச்சமே கிடையாதுங்க. ஜன்னல் ஓரமாவே இருங்க" என்று மேசையை இன்னும் இரண்டு அடி ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கே வாசலில் ஒரு போர்டு மாட்டினார். 'தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள்.' அதை யாரும் சட்டை செய்யவில்லை. மரியாதையாகச் சொன்னதுதான் தப்பு என்று முடிவு செய்து, அடுத்த வாரம் அதைக் கழற்றிவிட்டு, 'உள்ளே நோயாளி இருக்கிறார், ஹாரன் வேண்டாம்' என்று எழுதி மாட்டினார்.

மதியத்துக்குள் பாதித் தெரு ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்துவிட்டது. யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆளாளுக்கு அறை அறையாக எட்டிப் பார்த்தார்கள். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் புரூஃப் சாரே போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமினார். நலம் விசாரிக்க வந்தவர்களின் வண்டிகள் வாசலை அடைத்து நிற்க, வழி கிடைக்காத வண்டிகள் எல்லாம் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று ஒரு பக்கம்கூட நகரவில்லை.

மூன்றாவது போர்டில் தன் கிண்டலையெல்லாம் இறக்கி வைத்தார். 'ஹாரன் அடித்தால் முன்னால் நிற்கும் வண்டிக்கு இறக்கை முளைக்குமா?'

இது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வண்டியை நிறுத்திப் படித்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் பொறுமை இழந்து அடித்தார்கள். முன்னால் நின்றவர்கள் பதிலுக்கு அடித்தார்கள். ஸ்கூட்டரில் வந்த ஒரு கனவான் நிதானமாக மூன்று முறை அடித்துவிட்டு, "முளைக்குதான்னு பாத்தேன் சார், முளைக்கலை" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காவது போர்டில் சிரிப்புக்கே இடமில்லை. 'ஹாரன் அடிக்கும் வண்டிகளின் எண்கள் குறித்துக்கொள்ளப்படும்.' கூடவே ஒரு நோட்டும் வாங்கினார். அதே ஸ்கூட்டர் கனவான் மறுநாளும் வந்து, ஒரு அடி அடித்து, தன் வண்டி எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, சரியாக எழுதிக்கொண்டாரா என்று ஜன்னல் வழியாகச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் நோட்டு வீண் போகவில்லை. ஒரே வாரத்தில் அறுபத்தொரு ஹாரன். பால் வண்டி, பள்ளி வேன், கூரியர் வேன், தண்ணீர் லாரி என்று எதுவும் பாக்கியில்லை. எல்லாம் அவர் ஜன்னலுக்கு நேராக. எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் தையற்கடை முன்னால் ஒன்றுகூட இல்லை.

ஆக, இது தையற்கடைக்காரரின் வேலை. சட்டையில் ஒரு கை நீளம் என்று அவரோடு சண்டை போட்டு ஒரு வருஷம் ஆகிறது. மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதற்காகச் சிரிக்க வேண்டும்?

நேரே போய்க் கேட்டேவிட்டார்.

"எனக்கும் ரெண்டு காது இருக்கு சார். நீங்க போர்டு மாட்டுனதுல இருந்து பதறிப் பதறி ஊசி விரல்ல ஏறுது" என்று தையற்கடைக்காரர் கட்டுப்போட்ட விரலைக் காட்டினார். புரூஃப் சார் அந்தக் கட்டையே நம்பவில்லை.

மாலையில் மனைவியிடம் முழுச் சதியையும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மனுஷன் பாவம் என்றாள். பிறகு, எத்தனையாவது பக்கம் என்று விசாரித்தாள். எழுநூற்று நாற்பது என்றார். அவள் முகம் மலர்ந்தது. எரிகிற வீட்டில் நின்று சிரிக்கிறாளே என்று அவருக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் வசமாக ஒருவன் சிக்கினான். ஜன்னலுக்கு நேராக ஒரு அடி அடித்த கூரியர் வேன், நேரே போய்த் தையற்கடை வாசலிலேயே நின்றது. புரூஃப் சார் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நோட்டோடு ஓடினார்.

"இந்த வாரம் மட்டும் உன் பேர்ல பதினொண்ணு இருக்கு. நீயா அடிக்கல, இவர் சொல்லித்தானே அடிக்கிற?"

டிரைவர் கையில் இருந்த பார்சலைத் தையற்கடைக்காரரிடம் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

"இவர் எதுக்கு சார் சொல்லப்போறாரு? பெட்ரோல் போட வர்ற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சது பங்க்ல இருக்கிற அக்காதான்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டம்மா சார்."

புரூஃப் சார் நோட்டை மூடினார். இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவர் வீட்டுக்குள் பார்க்காமல் விட்டுவிட்டாரே.

"என்னன்னு சொல்லி வச்சா?"

"ஜன்னல்ல பாத்து, உங்க தல சாஞ்சிருந்தா மட்டும் ஒரு அடி அடிக்கணும், நிமிர்ந்திருந்தா அடிக்கவே கூடாதுன்னு சொன்னாங்க சார். ரெண்டு மாசத்துல நாலே நாலு நாள்தான் அடிக்காமப் போயிருக்கேன். அந்த நாலு நாளும் நீங்க வாசல்ல நின்னு போர்டு மாட்டிட்டு இருந்தீங்க."