முத்துவேல் சாரிடம் ஒரு கேள்வி

இந்தப் போனை எடுத்திருக்கவே கூடாது என்று சசிரேகாவுக்கு அப்போதே தோன்றியது. பேசியவர் தன்னை முத்துவேல் என்றார். அவள் வேலை பார்க்கும் உத்திரமேரூர் அவசரத் தகவல் மையத்துக்கு அவர்தான் தலைமை அதிகாரி. தென்னேரி ஏரி தளும்புகிறதாம். மதகைத் திறக்குமுன் கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்ப வேண்டுமாம். பாஸ்வேர்டு மறந்துபோச்சாம், சொல்ல வேண்டுமாம்.

நேற்றுதான் சைபர் பாதுகாப்புப் பயிற்சி முடிந்திருந்தது. கேட்பது யாராக இருந்தாலும் பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாது, சொன்னவர் வேலையை விட்டுப் போகலாம் என்று பயிற்சி கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளுடையது ஒப்பந்த வேலை. அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. சசிரேகா போனை வைத்துவிட்டாள்.

உடனே மறுபடி மணி அடித்தது.

"ஊருக்குள்ள தண்ணி பூந்தா நீதான் பதில் சொல்லணும்."

மழையில் லைன் கரகரத்தது. சார் குரல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இன்னொரு போனில் சாரின் செல்லுக்கு அடித்தாள். அணைந்து கிடந்தது. லைனில் இருந்தவரிடம் பணியாளர் எண்ணைக் கேட்டாள். அவர் சரியாகச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஆபீஸ் டிரைவர் பச்சமுத்து உதட்டைப் பிதுக்கினார். "அந்த நம்பரு அவரு கழுத்து கார்டுலியே தொங்கிக்கினு கீது. டீக்கடைக்காரனுக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரிஞ்சது இன்னா கீதோ, அத்தக் கேளு."

நல்ல யோசனைதான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

சசிரேகா சாரின் மனைவி கல்பனாவுக்குப் போன் போட்டாள். சார் விடியற்காலையே ஏரிக்குக் கிளம்பிவிட்டாராம். ஆபீஸ் பதிவுக்கு என்று சொல்லிக் கல்யாண நாளைக் கேட்டாள். அதைக் கேட்கவும் உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறதே என்று கல்பனா பூரித்துப்போய், தேதியோடு மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் சொன்னாள்.

சசிரேகா லைனில் காத்திருந்தவரிடம் அதே கேள்வியைப் போட்டாள். அவர் கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. தேதி, மண்டபம், முகூர்த்தம் என்று அப்படியே ஒப்பித்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. சாரையே சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பாஸ்வேர்டை ஓரெழுத்து விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டாரா என்று வேறு அக்கறையாக விசாரித்தாள்.

கையோடு கல்பனாவுக்கும் நன்றி சொல்லக் கூப்பிட்டாள்.

"நீங்க சொன்னத அப்டியே சாரும் சொன்னாருக்கா. என் வேலை பொயச்சிது."

கல்பனா நம்பாமல் கேட்டாள்.

"முகூர்த்த நேரங்கூடவா சொன்னாரு?"

"ஆமாக்கா. டக்குனு சொன்னாரு."

"அப்போ அது எங்க வூட்டுக்காரரு இல்லம்மா."