நடுவில் சொருகிய நெய்

விரதக்காரர் தட்டில் வெங்காயம். மணவாளன் டிபன் கடையில் அன்றைக்கு ஒரே ரகளை.

ஆர்டர் எடுக்கும் டேப்லெட்டில் தோசைக்கென்று தனிப் பொத்தான் செய்து கொடுத்தவன் சிவசங்கர். கடலூர் முதுநகரில் இருந்தவனுக்குப் போன் போனதும் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்கிவிட்டான். திட்டு வாங்க இவ்வளவு ஆசையாக யாராவது வருவார்களா? கல்லாவில் மணவாளனின் மகள் மோனிகா உட்கார்ந்திருப்பாள், அதுதான் சங்கதி. மனசில் இருப்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கிளம்புவான். வழியில் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவனே எழுதிய பொத்தான், சின்ன வேலைதான். தோசை போடச் சொல்லும் மெத்தடில், அதாவது கட்டளைத் தொகுப்பில், வெங்காயத்தை ஆப்ஷனல் ஆர்குமென்டாக, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சரி என்கிற விவரமாகச் சேர்த்தான். வேண்டாம் என்று சொன்னால் வராது.

"ஒருத்தர் எதுவுமே சொல்லலன்னா?" என்று கேட்டாள் மோனிகா.

"ஆமான்னு எடுத்துக்கும்."

"பரவாயில்லயே," என்றாள். அதற்கு மேல் பேச அந்த மகராசனுக்குத் தெரிந்தால்தானே.

மறுவாரம் நெய்யும் வேண்டும் என்றார் மணவாளன். இவன் அதைக் கடைசியில் சேர்க்காமல் வெங்காயத்துக்கு முன்னால் சொருகிவிட்டான். டேப்லெட் பேரைப் பார்க்காது, வரிசைப்படிதான் எடுக்கும்; சொன்னதெல்லாம் ஒரு இடம் தள்ளிப் போய்விட்டது. விரதக்காரர் சொன்ன 'வேண்டாம்' நெய்யின் இடத்தில் போய் உட்கார, அவர் தட்டில் மறுபடியும் வெங்காயம். அன்றைக்குக் கிருத்திகை வேறு.

அலறியடித்து நெய்யைக் கடைசிக்குத் தள்ளினான். சொல்லாவிட்டால் அதற்கும் 'ஆமா' என்றே வைத்திருந்ததை மறந்துவிட்டான். கேட்டவர், கேட்காதவர் எல்லார் தோசையிலும் நெய் ஓடியது. மத்தியானத்துக்குள் டின் காலி.

"இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா உன் டேப்லெட்டுப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிடு தம்பி," என்றார் மணவாளன்.

பெட்டி போனால் சிதம்பரமும் போச்சு. சிவசங்கர் உடனே டேப்லெட்டோடு உட்கார்ந்தான். நெய்க்கு மட்டும் 'இல்ல' என்று மாற்றிக்கொண்டிருந்தபோது, கோபம் தணிந்த மணவாளன், கல்யாணத்துக்கு இந்தப் பக்கமே பொண்ணு பார்க்கலாமா என்று சும்மா கேட்டுவைத்தார். வாயைத் திறந்தால் மோனிகா பேர் வந்துவிடும் என்ற பயத்தில் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வந்து பார்த்தான். ஒரு குறையும் இல்லை. விரதக்காரர்கூட நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இனிமேல் இங்கே இவனுக்கு என்ன வேலை? பாவம், அழுகை வராத குறை. மோனிகாவிடம் "வரேங்க" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அவள் சிரித்தாள். அது இன்னும் பாடாய்ப் படுத்தியது.

பையை மாட்டியபோது தோசை மாஸ்டர் பழனிவேல் ஒரு தட்டு கேசரியை நீட்டினார்.

"நான் ஒண்ணும் கேக்கலியே மாஸ்டர்."

"போன வாரம் மொதலாளி கல்யாணத்தப் பத்திக் கேட்டப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லலியாமே. சொல்லலன்னா ஆமான்னு எடுத்துக்கணும்னு மோனிகாதான் அவருக்கு வெளக்கிச்சு. மொதலாளி போன் போட்டுக் கேட்டதும் உங்கம்மாவும் சரின்னுட்டாங்க, சாப்புடுங்க மாப்ள."