மணல்மூச்சு அண்ணனும் என் கிட்னிக் கல்லும்

குமுளியிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், கல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று வாராவாரம் தராசில் வைத்துப் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் அல்லிநகரத்தில் உரக்கடை வைத்திருக்கும் மணல்மூச்சு அண்ணன். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். இருந்து என்ன, அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

அண்ணன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். வேலை கிடைக்கவில்லை, யூரியா விற்க வந்துவிட்டார். படிப்பு மட்டும் உள்ளுக்குள்ளேயே கிடந்து புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. திராட்சைத் தோட்டக்காரர் யாராவது மருந்து கேட்டு வந்தால் போச்சு.

"ஏப்பா, ஒலகத்துல உசுருள்ளது பூராம் கார்பன வச்சுக் கட்டுனது. நீயி, ஒன் மாடு, ஒன் கொடி, அதத் திங்கிற புழு, அம்புட்டும். ஏன்னா கார்பனுக்கு நாலு கையி. யாரு கூட வேணும்னாலும் கோத்துக்கும். சரி, சிலிக்கானுக்கும் நாலு கைதான? அது மட்டும் ஏன் ஒரு உசுர உண்டாக்கக் கூடாது?"

"தாராளமா உண்டாக்கட்டும்ணே. எனக்குச் சாம்பல் நோய்க்கு மருந்த எடுங்க, பஸ்ஸு போயிரும்."

பெயர் வந்தது டீக்கடையில். நாம் கார்பனை எரித்து மூச்சாக விடுகிறோம், அது காற்றோடு போய்விடுகிறது. சிலிக்கானை எரித்தால் மிஞ்சுவது மணல், ஆகவே அந்தச் சீவன் மூச்சுவிட்டால் மூக்கிலிருந்து மணல்தான் கொட்டும் என்று அண்ணன் விளக்கினார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார்.

"அண்ணே, அப்பிடி ஒண்ணு கெடச்சா எங்கிட்டக் குடுங்க. வீடு பாதில நிக்கிது. கட்டிப்போட்டு நாலு நாளு மூச்சு விட வச்சா பூச்சு வேல முடிஞ்சிரும்."

அன்றிலிருந்து மணல்மூச்சு.

அண்ணன் அசரவில்லை. கல்லிலும் சிலிக்கான்தானே இருக்கிறது? மேகமலை ரோட்டில் ஒன்று, சுருளிப் பக்கம் ஒன்று என்று ஏழு கல் பொறுக்கி வந்து, கழுவித் துடைத்து, கடை வாசலில் வரிசையாக வைத்தார். செவ்வாய்க்கிழமை தோறும் எடை பார்ப்பார். அந்த மாதிரிச் சீவன் ஒரு தடவை கண் சிமிட்டவே ஆயிரம் வருசம் ஆகலாம் என்று சொன்னவரும் அவர்தான். ஆயிரம் வருசத்துக்கு ஒருமுறை கண் சிமிட்டுவதை வாரம் ஒருமுறை எடை போடுவானேன் என்று கேட்டேன். "நாம பாக்குற வாரத்துல சிமிட்டிருச்சுன்னா?" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து அலறல். "நாலு கிராம் கூடிருக்கு! ஏலே, வளருதுடா!" தெருவே ஓடியது. நான் கல்லைக் கையில் வாங்கினேன். விரலெல்லாம் மஞ்சளாக ஒட்டியது. சந்தனம்.

பின்னால் நின்ற கீரைக்கார ஆத்தா கொஞ்சமும் கூசவில்லை. "ஏழு கல்லக் குளிப்பாட்டி வரிசையா நிறுத்தி வச்சிருக்க. கன்னிமாருன்னு நெனைக்காம நான் வேற என்னான்னு நெனைக்க? எட்டு நாளாச் சந்தனம் வச்சுத்தான் ஏவாரத்துக்குப் போறேன். ஏவாரம் நல்லாத்தான் இருக்கு."

வம்பு வேண்டாம் என்று அண்ணன் ஒரு கல்லை எடுத்து உள்ளே வைத்து, ஆறாக்கினார். மறுநாள் ஆத்தா வந்து, "எந்தக் கன்னி கோவிச்சுக்கிட்டுப் போனா?" என்று கேட்டுவிட்டு, சந்தனத்தை ஆறுக்கும் பங்கிட்டு வைத்தது.

இப்படி ஊரே சிரித்த மனிதரிடம் நான் மாட்டியது போன வருசம். இடுப்பில் யாரோ குத்தூசியால் குத்துவது போல ஒரு வலி. ஸ்கேன் எடுத்தால், கிட்னியில் ஐந்து மில்லிமீட்டர் கல். பத்து நாள் கழித்து எடுத்தால் ஆறு. "அடுத்த திங்கக்கிழமைக்குள்ள தானா வரலைன்னா, குழாய் விட்டு ஒடச்சு எடுத்திரலாம்" என்றார் டாக்டர். குழாயை எந்த வழியாக விடுவார்கள் என்று கேட்டேன். சொன்னார். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் சுருண்டேன். ஊசி என்றாலே பக்கத்து வார்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற பரம்பரை எங்களுடையது.

செய்தி கேட்ட அண்ணன் மொபெட்டில் பறந்து வந்தார். "அஞ்சு, ஆறாச்சா? அப்ப வளருதுல்ல! என் கல்லு ஒண்ணு கூட வளரலையேடா!" கற்களின் எடை எழுதும் நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு தூக்குவாளி வாழைத்தண்டுச் சாறோடு ஆஜர். "நேத்து அசைஞ்சுச்சா?" "அசையலண்ணே." "யோசிக்குது போல." சாறு முழுவதும் உள்ளே போகும்வரை உட்கார்ந்திருந்து, எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

கல் வந்தால் பிடிக்க வேண்டும் என்பதற்காக என் மனைவி ஒரு புது டீ வடிகட்டி வாங்கி, அடையாளத்துக்குச் சிவப்புக் கயிறு கட்டினாள். என்ன கயிறு கட்டி என்ன, விருந்தாளி ஒருவர்கூட எங்கள் வீட்டில் டீ குடிக்கவில்லை.

எனக்கோ பீதி முற்றிவிட்டது. சாயங்கால வடையை நிறுத்தினேன். உள்ளே இருப்பதற்குத் தீனி போடக் கூடாதல்லவா? ஒருநாள் குளியலறையில் இடுப்பைத் தடவி, "தம்பி, வெளிய எம்புட்டோ எடம் கெடக்கு" என்று நயமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, உள்ள யாருகூடப் பேசுறீக?" என்றாள் மனைவி.

"குடியிருக்கவன்கூட. காலி பண்ணச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, திங்கட்கிழமைக்குப் பயந்தே காலி பண்ணிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் மாடி ஏறின. கல்லைக் கழுவி, தைல டப்பாவில் போட்டுக்கொண்டு உரக்கடைக்கு ஓடினேன்.

அண்ணன் கையில் கொட்டிப் பார்த்தார். ஒரு மிளகு அளவு. அந்தப் பயலுக்காகவா இத்தனை நாள் அழுதேன்!

"ம். ஆக்சலேட்டு உப்பாத்தான் இருக்கும். பெரும்பாலும் அதுதான். அதுலயும் கார்பன்தான் இருக்கு, சிலிக்கான் இல்ல."

எனக்கே பாவமாகிவிட்டது. "இத்தன நாளு நம்பிட்டீகளேண்ணே."

"நான் எங்கடா நம்புனேன்? மொத நாளே தெரியும். உப்புச் சேந்தா கல்லு பெருக்கும். அது உசுரா? கெமிஸ்ட்ரி படிச்சவன்டா நானு."

"பெறகு எதுக்கு அந்த நோட்டு, எழுத்து, அசைஞ்சுச்சா அசையலயான்னு?"

அண்ணன் யூரியா மூட்டையின் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ பயந்து கெடந்த. தெனம் வந்து ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேக்க எனக்கு வராது. சும்மா வந்து ஒக்காரவும் கூச்சமா இருக்கு. வர்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

நக்கலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீகளாண்ணே?" என்றுதான் வந்தது.