மேட்ரன் சொன்ன விண்வெளிக் கதை

எமன் வந்து கதவைத் தட்டினாலும் பெயர் கேட்காமல் கதிரை போட்டு உட்கார வைத்திருப்பார் எங்கள் மேட்ரன். கண்டியில் அப்படி வேறொருவர் இருந்திருக்க முடியாது. கட்டுக்கலையில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியை அவர்தான் நடத்தினார். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

யார் வந்தாலும் முதலில் கதிரை, பிறகு பிளேன்டீ, அதற்கும் பிறகுதான் "யாருங்க, என்ன விஷயம்?". மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மருந்தடிக்க மறந்தே போய்விட்டார். அடுத்த வீட்டில் பெண் பார்க்க வந்த குடும்பம் வாசல் தவறி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தேநீர் கொண்டுவந்த விடுதிப் பெண் லீலாவையே பிடித்துவிட்டது என்றது. அடுத்த வீட்டார் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் வரும் ஆங்கில விண்வெளித் தொடர். எண்பதுகளின் தொடக்கம், கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஹேவாஹெட்ட, மடுல்கெல்ல தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஓடாது. மேட்ரன் பெட்டியருகே நின்று தமிழில் சொல்வார். வேற்றுக்கிரகத்தார் எல்லோரும் அவர் வாயில் தோட்டத் தமிழ் பேசினார்கள்: "கும்புடுறோங்க. ரொம்பத் தூரத்துல இருந்து வர்றோம். கொஞ்சம் தண்ணி குடுங்க."

ஒரு ஞாயிறு, விண்கலத்திலிருந்து ஒருவன் தனியாக இறங்கி, எதையோ சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினான். பயந்துபோன சிப்பாய் சுட்டுவிட்டான். கலம் திரும்பிப் பறந்தது. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. மேட்ரன் மட்டும் நிறுத்தவில்லை.

"மயக்கந்தான் புள்ளைகளா. டாக்டர் ஊசி போட்டுட்டாரு. இந்தா, எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

தொலைபேசி நிலையத்தில் வேலை செய்த எனக்கு ஆங்கிலக் கர்வம் அதிகம். "என்ன மேட்ரன் புளுகுறீங்க? அவன் செத்துட்டான். சமாதானம் பேச வந்தவனைக் கொன்னுட்டோம்னு அந்தச் சிப்பாயோட ஆபீசரே சொன்னாரே" என்று சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். மேட்ரன் பெட்டியை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் இங்க வந்த புதுசு. ஒரு நாள் காலையில சேறும் சகதியுமா ஒருத்தர் வந்தாரு. வாய் பேச வராது. கைய ஆட்டி ஆட்டிக் கத்துனாரு. குடிச்சிருக்காருன்னு நெனச்சு வாட்ச்சர விட்டு வெரட்டிட்டேன். இங்க தங்கியிருந்த மகளக் கூட்டிட்டுப் போக ஹுன்னஸ்கிரியாவுல இருந்து வந்த மனுசன். அந்தப் புள்ளையோட அம்மாவுக்குக் கடைசி நேரம். அப்புறம் தந்தி வந்து அது கெளம்பிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சி."

அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். "உக்கார வச்சிருந்தா சைகையிலயாவது சொல்லியிருப்பாருல்ல?"

அந்தக் கதிரையை வைத்து நாங்கள் எத்தனை கேலி செய்திருப்போம்!

அடுத்த ஞாயிறு அவர் பெட்டியைப் போடவே இல்லை. பிள்ளைகள் கேட்டபோது, "இங்கிலீஷ் தெரிஞ்சவங்களக் கேளுங்க" என்றார். மடுல்கெல்லப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, அவரு நெசமாவே செத்துட்டாரா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்லடி" என்றேன். "எனக்குத்தான் இங்கிலீஷ் சரியா வெளங்கல. மயக்கந்தானாம்."

மேட்ரன் எழுந்து வந்து பெட்டியைப் போட்டார். போகிற போக்கில் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அவ்வளவு மெதுவான குட்டை நான் அதற்குப் பிறகு யாரிடமும் வாங்கியதில்லை.