மேடத்தின் பிரசவமும் என் மேல் ஒரு பிராதும்

விருத்தாசலத்திலேயே ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்தவர் டிகிரி அண்ணன் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் சும்மா கத்துகிறவர்கள்.

டிகிரி என்றதும் காலேஜ் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டு ஓடிவிட்டது. பீங்கான் பேட்டையில் நான் கிளார்க்காக இருந்த சின்னக் கம்பெனியில் அவர் சூளைக்காரர். நாங்கள் செய்தது பீஸ் கட்டை. உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அது. சூளைச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, "ஆயிரத்து நூத்தி எம்பது டிகிரி" என்பார். மீட்டர் அஞ்சு டிகிரி குறைத்துக் காட்டும். அன்று முழுக்க மீட்டருக்குத் திட்டு விழும்.

ஒருமுறை சேத்தியாத்தோப்புக்குக் கல்யாணத்துக்குப் போனார். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றிருக்கிறார். "இன்னும் எவ்ளோ உள்ள போறது, அந்தப் பக்கமா வெளிய வந்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டு நடு ரோட்டில் இறங்கிக்கொண்டார். வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரிக்கிறவர்களைத் திட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். மறுநாள் எங்களைத் திட்டினார். நாங்கள் கல்யாணத்துக்கே போகவில்லை.

அவர் திட்டாத ஒரே ஜீவன் மேடம். மேடம் ஒரு சாரைப்பாம்பு.

பீஸ் கட்டையை வைக்கோல் சுற்றித்தான் பெட்டியில் அடுக்குவோம். வைக்கோல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். வந்த பாம்பை அடிக்க எல்லாரும் தடியோடு கிளம்பியபோது இவர் குறுக்கே நின்றுவிட்டார். நாலு வருஷமாக வைக்கோல் கொட்டகை அவள் வசம். ஓரம் உடைந்த பீங்கான் கிண்ணத்தில் தினமும் தண்ணீர் வைப்பார். நான் சரக்கு எண்ணப் போனால் வாசலில் மூன்று முறை இருமிவிட்டு, ஒற்றைக் காலால் உள்ளே போவேன். இன்னொரு கால் ஓடுவதற்கு ரெடியாக வெளியே இருக்கும்.

ஒரு சித்திரை மாசம், பெரிய ஆர்டர் தரப்போகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. "கொட்டகைய கண்ணாடி மாதிரி ஆக்கிடு" என்றார் முதலாளி. ஆக்கினேன். பழைய வைக்கோலை வண்டியேற்றினேன். மூலையில் கிடந்த ஈரக் களிமண் குவியலைச் சுரண்டி எடுத்துவிட்டு, தரையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டேன். சூளை எரிகிற மூன்று நாளும் டிகிரி அண்ணன் அதை விட்டு நகர மாட்டார். அதனால்தான் என் திறமை தடங்கலில்லாமல் வெளிப்பட்டது. வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூளை அணைந்த மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து என் பெயர் கேட்டது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் வந்த வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது.

வெறும் சிமெண்டுத் தரையில் மேடம் கிடந்தாள். அடி உடம்பு முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு முட்டை. உடம்பை முறுக்குவதும் தளர்வதுமாக இருந்தாள்.

"நேத்தே ஒண்ணு வந்திருக்குது. அதுக்கப்புறம் முக்கறா, வரல. என்னாய்யா பண்ணி வச்சிருக்கற?"

"சுத்தம் பண்ணேண்ணே."

"புள்ளத்தாச்சி வூட்ட இடிச்சிட்டு அவள வெறுந்தரையில போட்டுட்டு, சுத்தமாம் சுத்தம்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பாம்பு முழுகாம இருக்குதுன்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ணே."

அவர் ஒரு மாவு மூட்டைத் துணியை நனைத்து அதில் அவளை இறக்கி மூட்டை வாயைக் கட்டினார். "வண்டிய எடு."

என் மொபெட்டில் நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் மேடம். என் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு முதுகுத்தண்டு நெளிந்தது. வழியெல்லாம் திட்டு. "பள்ளத்துல ஏத்தாத. ஏத்தாதன்னு சொல்றேன், அவளுக்கு வலிக்கும்ல." ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கேட்டுக்காரரைத் திட்டினார். வராத ரயிலைத் திட்டினார். பக்கத்து வண்டிக்காரர் மூட்டை அசைவதைப் பார்த்து, "என்னாங்க, விரால் மீனா? எங்க வாங்கனீங்க?" என்று கேட்டார்.

"பிரசவ கேஸு. ஓரமா நில்லுய்யா" என்றார் டிகிரி அண்ணன்.

நான் கண்ணை மூடி மாதாவைக் கும்பிட்டேன். ஜெபத்தில் ஒரே வேண்டுதல்தான்: துணி கிழியக் கூடாது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாம்பு வளக்கறது சட்டப்படி குத்தம், தெரியுமா உங்களுக்கு?"

"நான் எங்கம்மா வளக்கறேன்? அவ கம்பெனில வேலை பாக்கறா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பசு மாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

அந்தம்மா நல்லவர். தடவிப் பார்த்துவிட்டு விவரமாகவே சொன்னார். "முட்டை வைக்க எடம் கெடைக்கல, அதான் அடக்கிக்கிட்டு கெடக்குது. ஒடம்புல தண்ணியும் இல்ல. வயித்த மட்டும் அமுக்கிடாதீங்க, உள்ள ஒடஞ்சா உசுரு போயிடும். வெதுவெதுன்னு தண்ணில அரை மணி நேரம் வைங்க. அப்புறம் ஈரமா, இருட்டா, கதகதன்னு ஒரு எடம் பண்ணிக் குடுங்க. நாளைக்குள்ள வரலன்னா மெட்ராஸ் போவணும். அதுவரைக்கும் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். முட்டை வச்சிட்டா யாரும் கிட்ட போவாம அது பாட்டுக்கு வுட்டுடணும்."

எடம் கெடைக்கல என்ற வார்த்தை வந்தபோது டிகிரி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு லோடு பீஸ் கட்டை வெந்திருக்கும்.

திரும்பி வந்ததும் அகலமான தொட்டியில் வெந்நீர் ஊற்றி விளாவினார். கையை முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டு, "வெதுவெதுன்னு இருக்குது" என்று மூட்டையை எடுத்தார். எதற்கும் இருக்கட்டுமென்று நான் ஒரு விரலை விட்டேன். போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் ஓடி வந்தார்கள். விரல் சிவந்துபோயிருந்தது. இருபத்தைந்து வருஷம் சூளைச் செங்கல்லைத் தொட்ட கைக்கு அதுதான் வெதுவெது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் மேடத்தை அவரே அவித்திருப்பார்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு டிகிரியைக் கண்ணாலேயே சொல்கிற மனிதருக்கு வெந்நீரின் சூடு தெரியவில்லை. அந்தக் கோபமும் என் மேல்தான் வந்தது.

"உன் கை பேனா புடிக்கிற கை. நீயே பாத்து ஊத்து. அர மணி நேரமும் கைய உள்ளயே வச்சிரு. ஆறினா சொல்லு."

"அவளும் உள்ளதாண்ணே இருப்பா."

"பின்ன? அவ எங்க போவா?"

அரை மணி நேரம் நானும் மேடமும் ஒரே தொட்டியில். அவள் என் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். சூடு எப்படி என்று அவர் கேட்டபோதெல்லாம் பதில் சொல்ல வாய் திறந்தேன், பல்தான் தந்தியடித்தது.

பிறகு ஒரு சாகர் எடுத்தார். சூளைக்குள் சாமான் அடுக்குகிற மண்பெட்டிதான் சாகர். அதில் ஈரக் களிமண் தூளும் வைக்கோலும் போட்டார். ஆறிக்கொண்டிருந்த சூளைச் சுவரோரம் எங்கே வைப்பது என்பதையும் என் கைதான் தடவித் தடவிச் சொல்ல வேண்டியிருந்தது. மேடத்தையும் கொட்டகையில் கிடந்த அந்த முதல் முட்டையையும் உள்ளே வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மூடியைச் சாத்தினார்.

மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத டிகிரி அண்ணனை அன்றுதான் முதலில் பார்த்தேன். சாகரைச் சுற்றி நடந்தார். மூன்று முறை நடந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பேப்பர் எடு. கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுது."

எங்கள் ஊரில் யாராவது அநியாயம் செய்தால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் புகார் எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பேர். கம்பெனியில் எல்லாருக்கும் எழுதித் தருவது நான்தான்.

"யார் மேலண்ணே?"

"உன் மேலதான்."

"என் மேல நானே எழுதறதா?"

"வேற யாருக்கு இங்க கையெழுத்து நல்லா இருக்குது?"

"அண்ணே, நான் வேதக்காரன். எங்களுது மாதா கோயிலு. உங்க சாமிகிட்ட என் மேல கேஸு செல்லாது."

"பாம்பு எந்தக் கோயிலு? எழுதுய்யா."

கடுப்பில் எழுதினேன். அவர் சொன்னதைவிடக் காரமாகவே எழுதினேன். ‘மேற்படி கிளார்க், பாம்பு கர்ப்பிணி என்று தெரிந்தே, வேண்டுமென்றே அவளுடைய இருப்பிடத்தை அழித்துவிட்டான்.’ படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"வேணும்னு இல்ல" என்றார். "தெரியாம செஞ்சிட்டான்னு போடு."

"இருக்கட்டும்ணே. கேஸு ஸ்ட்ராங்கா இருக்கும்."

"சாமிகிட்ட பொய் சொல்றதா? அடிச்சிட்டு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனது. அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சாகர்ல ஈரம் காயக் கூடாது. கைய வச்சிப் பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினார்.

அவர் போன அரை மணி நேரத்தில் சாகருக்குள் சரசரவென்று சத்தம். இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது முட்டை. அப்புறம் மூன்றாவது. தண்ணீர் தெளித்தேன். நாலாவதுக்கு நெடுநேரம் ஆனது. "மெதுவா மேடம், அவசரம் இல்ல மேடம்" என்று பேசிக்கொண்டிருந்தேன். யாராவது பக்கத்தில் வந்திருந்தால் அடித்திருப்பேன். டிகிரி அண்ணன் நெற்றியில் விபூதியோடு திரும்பியபோது பத்து முட்டை முடிந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பயத்தில்தான் என்று இன்றுவரை சாதித்துவருகிறேன்.

எட்டிப் பார்த்தார். எண்ணினார். "மூடிய சரியா வைக்கலயே" என்று திட்டினார்.

சாகரை அப்படியே கொட்டகைக்கு மாற்றினோம். குட்டிகள் வெளிவரும்வரை கொட்டகைக்கே பூட்டு. பிறகு ஒருநாள் தாயும் இல்லை, குட்டிகளும் இல்லை. பின்னால் இருந்த முந்திரிக்காட்டுக்குப் போய்விட்டார்கள். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறாளா பாரு" என்று ஒரு வாரம் திட்டினார்.

"அண்ணே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, பிராத வாபஸ் வாங்கிடலாமே" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அப்பதான் நீ ஒழுங்கா இருப்ப."

வாங்கவே இல்லை. போன வருஷம் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கட்டியவர்தான் வாபஸ் வாங்க வேண்டுமாம். அப்படியானால் என் மேல் உள்ள கேஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாதி ஆஜராகவில்லை என்று சாமி அதைத் தள்ளுபடி செய்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.