மதில் ஏறிய மக்கள்

குடிமகன் காய்ச்சலோடு வந்தால் ஊசி போட்டு அனுப்புவது பழைய காலத்து வழக்கம். அவன் மறுபடியும் வர விரும்புகிறானா என்று கண்டறிவதே நவீன மருத்துவம் என மேலிடம் முடிவு செய்தது. அதன்படி கட்டுமாவடிக்கும் மீமிசலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர் (பெயர் வேண்டாம்) சுகாதார நிலையத்துக்கு ஒரு செயலி வந்தது. செயலியை அளக்க ஒரு அளவீட்டுப் பிரிவு வந்தது. பிரிவுக்குக் கோபிநாத் என்று ஒரு அதிகாரி வந்தார். மாத்திரைதான் வரவில்லை. அது வழியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

நிலையத்துக்கு எதிரே செங்கல், சிமெண்ட், கயிறு, ஏணி வைத்திருக்கிற கடை என்னுடையது. ஆகவே நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

கோபிநாத் வாசலில் ஒரு டேப்லெட்டை நட்டார். பக்கத்துச் சுவரில் 'சந்தேகங்களுக்கு' என்று தன் போன் நம்பரையும் ஒட்டினார். வைத்தியம் முடிந்தவர் டேப்லெட்டில் தன் நம்பரைத் தட்டினால் பச்சைப் பொத்தான் ஒன்று தோன்றும். அதில் 'போய்ட்டு வாரேன்' என்று எழுதியிருக்கும். அதை அமுக்கிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். மக்கள் மொழியில் இருக்கட்டும் என்று அவரே யோசித்து வைத்த வாசகம்.

முதல் ஆளாக மீன் விற்கிற கண்ணாத்தாள் வந்தார். காலில் திருக்கை முள் குத்திய புண். டாக்டர் பிரகதாம்பாள் அப்போதுதான் கட்டுப் போட்டிருந்தார்.

"அமுக்குங்கம்மா."

"என்னன்னு எழுதியிருக்கு தம்பி?"

"போய்ட்டு வாரேன்னு."

கண்ணாத்தாள் பின்வாங்கினார். "ஆசுபத்திரியில நின்னுக்கிட்டு வாரேன்னு சொல்லச் சொல்றீங்களே, வெளங்குமா?"

"இது வெறும் டேட்டாதாம்மா."

"டேட்டாவோ கீட்டாவோ, அதை ஒங்க வீட்ல போயி சொல்லுங்க."

சொன்னவர் கட்டுப் போட்ட காலோடு கொல்லைப் பக்கம் போய், குட்டை மதிலைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்தும் சாவு வீட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். செயலிக்குத் தெரியாது.

அன்று முதல் ஊரே மதில் வழிதான். முடியாதவர்களை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

கோபிநாத்தின் திரையில் எங்கள் நிலையம் சிவந்தது. உடனே செயலி எல்லார் போனுக்கும் தானாகவே செய்தி அனுப்பியது: 'உங்களைப் பார்த்து நாளாயிற்று. எப்போது வருகிறீர்கள்? தங்கள் அன்புள்ள மருத்துவமனை.' வீட்டுக்கு வீடு போனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள்.

அடுத்து டாக்டருக்கு ஓர் உத்தரவு: 'மேற்படி நிலையத்தின்பால் பொதுமக்களுக்கு மீள்வருகை விருப்பம் அறவே இல்லையெனத் தரவுகளால் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளபடியால், மாத இறுதிக்குள் பச்சை காணாவிடில் நிலையம் மூடப்படும்.'

பாம்பு கடித்தாலும் பிரசவ வலி கண்டாலும் ஓடுவதற்கு எங்களுக்கு வேறு இடம் கிடையாது. நேரே கோபிநாத்திடம் போய்க் கேட்டேன்.

"சார், நல்லா ஆனவன் எதுக்குத் திரும்ப வரணும்?"

"அதைத்தான் நாங்க பிரச்சனைங்கிறோம். ஒரே தடவையில கொணமாக்கிட்டா வாடிக்கையாளர் கைநழுவிப் போயிடுறாருல்ல?"

டாக்டர் ஊரைக் கூட்டினார். "ஆளுக்கு ஒரு தடவை அமுக்குங்க. இல்லாட்டி இதை இழுத்து மூடிருவாங்க," என்று கெஞ்சினார். ஆஸ்பத்திரி வேண்டும், வாரேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. கண்ணாத்தாள்தான் வாயைத் திறந்தார்.

"நம்ம நம்பரைப் போட்டாத்தானே நமக்குக் கேடு? அந்தத் தம்பி நம்பரு செவுத்துல சும்மாதானே கெடக்கு?"

மறுநாளிலிருந்து ஊரே வரிசையில் நின்று, கோபிநாத்தின் நம்பரைத் தட்டிப் பச்சையை அமுக்கியது. கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் நானும் போய் அமுக்கிவிட்டு வந்தேன்.

மாதக் கடைசியில் எங்கள் நிலையம் வட்டாரத்திலேயே முதலிடம். வாசலில் பந்தல் போட்டுக் கேடயம் கொடுக்கக் கோபிநாத்தே வந்தார். "மீள்வருகை விருப்பத்தின் சிகரமே!" என்று அவர் ஆரம்பித்தபோது ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஒரே ஆள் இத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வர ஆசைப்பட்டால் அவர் நிலைமை கவலைக்கிடம் என்று கணித்து, செயலியே வண்டியை அனுப்பியிருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க!"

"உசிருக்கு ஆபத்துன்னு ஆப்புல இருக்குங்க சார்," என்றார் டிரைவர் பெலிக்ஸ். கோபிநாத்தைப் படுக்க வைத்து, சைரன் போட்டு, பந்தலிலிருந்து பத்தடி தள்ளியிருந்த நிலையப் படி வரை ஓட்டிப் போய்ச் சேர்த்தார்.

டாக்டர் முறைப்படி பிரஷர் பார்த்தார், குளுக்கோஸ் ஏற்றினார். "நல்லாத்தான் இருக்கீங்க சார். போறப்ப வாசல்ல அதை மட்டும் அமுக்கிட்டுப் போங்க."

கோபிநாத் டேப்லெட் முன்னால் வந்து நம்பரைத் தட்டினார். பச்சை வந்தது. விரலை நீட்டினார். விரல் அப்படியே நின்றது. இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார். பிறகு பந்தலில் போர்த்திய பொன்னாடையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார்.

"பாத்து எறங்குங்க தம்பி, அங்கிட்டு கருவ முள்ளு கெடக்கு," என்று மதிலடியில் கைகொடுத்தவர் கண்ணாத்தாள்.

அந்த வாரமே சுவரிலிருந்த நம்பரைக் கிழித்து, டேப்லெட்டிலும் அதை முடக்கிவிட்டார்கள். உத்தரவும் வந்தது: 'முதன்மை விசுவாச நோயாளி சொல்லிக்கொள்ளாமல் வெளியேறியதற்கு மதிலின் உயரக் குறைவே காரணமெனத் தெரியவருகிறது. மதிலை உடனே உயர்த்துக. பின்னரும் பச்சை காணாவிடில் மூடுக.' கீழே கோபிநாத் கையெழுத்து.

நல்ல வேளை, கட்டட வேலை நடக்கிற நிலையத்தை வேலை முடியும்வரை மூடக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. மதில் ஒப்பந்தம் எனக்குத்தான் கிடைத்தது. ஊர் நன்மையை உத்தேசித்து அந்த வேலையை முடியாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் கோணல் என்று பிரித்துவிடுகிறேன். இருந்தாலும் மதில் முன்னைவிடக் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அதனால் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என் கடைக்கு வந்து ஏணியை வாடகைக்கு எடுத்துப் போகிறார்கள். போகும்போது ஒருத்தர் பாக்கியில்லாமல் வாய் நிறைய, "போய்ட்டு வாரேங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.